பேர் வெட்டிய பாத்திரங்கள்

பாத்திரக் கடையில் எடை போட்டு விலை பேசி முடித்ததும் கடைசியாக ஒரு கேள்வி வரும்: “பேர் வெட்டணுமா?” இப்போது மின்சாரத்தில் ஓடும் ஊசி ஒன்று கிர்ரென்று ஒரு நிமிடத்தில் எழுதி முடித்துவிடுகிறது. முன்பெல்லாம் கடை வாசலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பவர் சின்ன உளியால் புள்ளி புள்ளியாகத் தட்டித்தான் எழுத்தை உண்டாக்குவார். தகப்பன் பெயரின் முதலெழுத்து, பெண்ணின் பெயர், இடமிருந்தால் ஊர், சில நேரம் தேதி. கல்யாணச் சீருக்கான பாத்திரம் என்றால் தாலி ஏறுவதற்கு முன்பே இது நடந்துவிடும். அதில் ஒரு வேடிக்கை உண்டு. கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பெண்ணின் தலைப்பெழுத்து மாறும். அவள் கொண்டுவந்த அண்டாவின் தலைப்பெழுத்து மாறாது. ஐம்பது வருடம் புகுந்த வீட்டுப் பரணில் கிடந்தாலும் அப்பன் வீட்டு எழுத்தோடுதான் அது கிடக்கும்.

வீட்டுப் பத்திரம் ஆண் பெயரில். நிலத்தின் பட்டா ஆண் பெயரில். வாசல் கல்லில் பொறித்திருப்பது தாத்தாவின் பெயர். ரேஷன் அட்டையில் வீட்டின் மூத்த பெண்ணைக் குடும்பத் தலைவியாகக் கொள்ள வேண்டும் என்று நாடு முழுமைக்குமான சட்டம் சொன்னதே 2013-இல்தான். அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்குள் பெண்ணின் பெயர் எழுத்தில் எங்கே இருந்தது என்று தேடினால் அடுப்படிக்குத்தான் போகவேண்டும். தூக்கின் மூடியில், குடத்தின் கழுத்தில், தாம்பாளத்தின் அடியில் இருந்தது.

சொத்துக் கணக்கிலும் நிலைமை அதேதான். பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது 1929-இல். 1937 சட்டம் கைம்பெண்ணுக்கு ஒரு பங்கைக் கொடுத்தது. ஆனால் உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கலாம், அவ்வளவுதான். அவளுக்குக் கிடைத்ததை முழுச் சொத்தாக்கியது 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டம். பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு என்று தமிழ்நாடு திருத்தம் கொண்டுவந்தது 1989-இல், அதுவும் அதற்கு முன் கல்யாணம் ஆகிவிட்டவர்களைத் தள்ளிவைத்து. இந்தியா முழுமைக்கும் அது வந்தது 2005-இல். தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் இடையே ஓடிய இந்த எழுபத்தாறு வருடமும் பெரும்பாலான வீடுகளில் நடந்த பாகப்பிரிவினையை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: பையனுக்கு நிலம், பெண்ணுக்குச் சாமான்.

ஆகவே, பழைய பாத்திரங்களைத் தேடிச் சேர்க்கும் பொழுதுபோக்கைப் பற்றிப் பேசும்போது, அவை ஒருகாலத்தில் பெண்களுடைய பங்காக இருந்தவை என்பதிலிருந்து நான் தொடங்க விரும்புகிறேன். அழகு, வேலைப்பாடு, பாரம்பரியம் எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கமானதுதான். வெண்கலப் பானை, உருளி, கூஜா, தூக்குவாளி, எனாமல் அடுக்கு, முறுக்கு நாழி, அஞ்சறைப் பெட்டி, பல்லாங்குழி, பீங்கான் ஊறுகாய் ஜாடி, நடுவே யாரோ ஒரு தம்பதியின் கல்யாணப் புகைப்படம். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து இவை தெருவுக்கு வந்த கதையை எல்லோரும் ஒரு மாதிரியாகவே சொல்வார்கள். 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. நகரத்தார் கணக்குப் புத்தகங்களோடு ஊர் திரும்பினார்கள். பிறகு பர்மிய அரசு நிலத்தையும் தொழிலையும் நாட்டுடைமை ஆக்கியது. அரண்மனை போன்ற வீடுகளுக்கு ஓடு மாற்றக்கூடக் காசில்லாமல் போயிற்று. இது ஆண்களின் தொழில் சரிந்த கதை. பாத்திரங்களுக்கு இன்னொரு கதை உண்டு. கல்யாணம் ஆன பிள்ளையையும் மருமகளையும் அதே வீட்டுக்குள் தனி அடுப்பு வைக்கச் செய்யும் ‘வேறு வைத்தல்’ அந்தச் சமூகத்தில் வழக்கம். ஒரு கூரையின் கீழ் நான்கு மருமகள்கள் என்றால் நான்கு அடுப்பு, நான்கு அண்டா, நான்கு பெயர். பெயர் வெட்டவில்லை என்றால் எது யாருடையது என்று தெரியாது. அந்தத் தெருவில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் பித்தளைக் குவியலைப் பார்க்கும்போது, தனித்தனியே குடித்தனம் நடத்திய நான்கு பெண்கள் அங்கே கலந்து கிடக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

கடையில் இரண்டு விலை. ஒன்று கிலோ கணக்கு, மற்றது வயதுக் கணக்கு. பெயரைத் தேய்த்து எடுத்துத் தரட்டுமா என்று கேட்ட கடைக்காரரும் உண்டு. பெயர் இருப்பதால்தான் இந்த விலை என்று சொன்னவரும் உண்டு. பெயருக்குரியவர் யார் என்று நான் கேட்டபோது இருவருமே ஒரே மாதிரி சிரித்தார்கள்.

சேகரிப்பவர்களை நான் குறைசொல்ல வரவில்லை. என் தோழிகளில் சிலர் ஞாயிற்றுக்கிழமையானால் காயலான் கடைகளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருகிறவர்கள். உருக்குக்குப் போகவிருந்த ஒரு குத்துவிளக்கைக் கிலோ விலை கொடுத்து மீட்டுவந்து, புளி போட்டுத் துலக்கி, வெயிலில் வைத்து, அது மஞ்சளாகச் சிரிக்கும்போது அவர்கள் முகத்தில் வருகிற மகிழ்ச்சி பொய்யில்லை. என்னிடமும் ஒரு தூக்கு இருக்கிறது. அதில் ‘சௌ.’ என்ற எழுத்து மட்டும் தெளிவாகத் தெரிகிறது. அதற்குப் பின்னால் இருந்த பெயர் தேய்ந்துவிட்டது. தேய்த்தது காலமில்லை. சாம்பலும் தேங்காய் நாரும் செங்கல் பொடியும் பிடித்த ஒரு கை, தினம் இரண்டு வேளை, ஒருவேளை முப்பது நாற்பது வருடம். பெயருக்கு உரியவளேதான் அதைத் தேய்த்து அழித்திருக்க வேண்டும்.

எனக்கு ஒவ்வாதது சேகரிப்பவர்களின் புலம்பல். இந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரு கட்டத்தில் அங்கே போய் நிற்கும்: “அந்தக் காலத்துப் பொம்பளைங்க அருமை தெரியாம அவ்வளவையும் எவர்சில்வருக்குப் போட்டுட்டாங்க.” தங்கம் மாதிரியான பித்தளையைக் கொடுத்துத் தகரம் மாதிரியான ஒன்றை வாங்கிவிட்டார்களாம். இதில் வருத்தம் இருப்பதுபோலத் தெரியும். கொஞ்சம் கூர்ந்து கேட்டால் அது ஒரு குற்றச்சாட்டு. ஒரு பொருளின் மதிப்பு, அதோடு ஐம்பது வருடம் மல்லுக்கட்டியவளுக்குத் தெரியவில்லை, அலமாரியில் வைத்துப் பார்க்கிற நமக்குத் தெரிந்திருக்கிறது என்கிற குற்றச்சாட்டு.

அவர்களுக்கு என்ன தெரிந்திருந்தது என்று பார்ப்போம். பித்தளையில் செம்பு இருக்கிறது. புளிப்பு பட்டால் களிம்பு ஏறும். அதனால் சமைக்கிற பாத்திரத்துக்கு உள்ளே ஈயம் பூசவேண்டும். தெருவில் ஈயம் பூசுகிறவர் குரல் கேட்டதும் பாத்திரங்களைக் காலிசெய்து தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். அவர் உலை மூட்டி, துருத்தி ஊதி, நவச்சாரம் போட்டு, வெள்ளீயத்தை உருக்கித் துணியால் ஒரு இழுப்பு இழுத்துத் தருவார். அந்தப் பூச்சு கரண்டி பட்டுப்பட்டுப் போய்விடும். மறுபடி பூசவேண்டும். மோர் எதில் வைக்கலாம், ரசம் எதில் வைக்கக்கூடாது என்பதெல்லாம் கணக்கு. நாம் இன்று ஆசையாக வாங்கும் கும்பகோணத்து ஈயச் சொம்பு முழுக்க வெள்ளீயம். அது 232 டிகிரியில் உருகிவிடும். ரசம் உள்ளே இருக்கும்வரை பாத்திரம் நிற்கும். நீர் வற்றவிட்டு இரண்டு நிமிடம் வேறு பக்கம் திரும்பினால் அடுப்பில் சொம்பு இருக்காது, பளபளப்பான ஒரு குழம்பு இருக்கும். அந்தச் சொம்பை வைத்து ஆயுள் முழுக்க ரசம் வைத்தவளின் கவனம் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கவனத்தை வேறு எதில் செலுத்தியிருப்பாள் என்றும் யோசிக்கலாம்.

பிறகு விளக்குவது. தமிழில் பாத்திரம் துலக்குவதற்கும் பொருள் சொல்வதற்கும் ‘விளக்குதல்’ என்ற ஒரே சொல்தான். இரண்டும் மங்கலானதைத் தெளிவாக்குகிற வேலை. இரண்டாவது வேலைக்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். முதல் வேலையைச் செய்தவர்களுக்குக் கிடைத்தது விரலிடுக்கில் புளிப்புண். நம் காப்பியங்களில் மிகப் புகழ்பெற்ற பாத்திரம் மணிமேகலையின் கையில் இருந்தது. அமுதசுரபி வற்றாதது. அதைக் கவிழ்த்துப்போட்டுத் தேய்க்கும் வேளையே அவளுக்கு வந்திருக்காது. சாத்தனார் அவளுக்குச் செய்த பெரிய உதவி அதுதான் என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. பெண் பிள்ளைகள் சிரிப்பார்கள். பையன்களுக்குச் சற்று நேரம் ஆகும்.

1980-களின் தொடக்கத்தில் சேலம் உருக்காலையில் எவர்சில்வர் தகடு உருட்டத் தொடங்கினார்கள். ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான் எங்கள் வீட்டுப் பித்தளையும் போனது. அம்மா ஒரு கோணிச் சாக்கில் கட்டிக்கொண்டு பேருந்தில் போய் மாற்றிக்கொண்டு வந்தார். பல வருடம் கழித்து, நானும் அந்தப் புலம்பலைக் கேட்டுப் பழகியிருந்த வயதில், உங்களுக்கு வருத்தமாக இல்லையா அம்மா என்று கேட்டேன்.

“வருத்தமா? அன்னைக்கு ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் பத்தே நிமிசத்துல அடுப்படி ஒழிஞ்சிருச்சுடி. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. என்னத்தச் செய்யறதுன்னே தெரியல.”

“அப்புறம்?”

“வாசப்படில வந்து உக்காந்தேன்.”

அவ்வளவுதான் சொன்னார். கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் இரவு ஒன்பது மணிக்கு முன்னால் வாசப்படியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை என்பதையும் சேர்த்துச் சொன்னார். இந்த வாசப்படியை எந்தச் சேகரிப்பாளரின் விலைப்பட்டியலிலும் நான் பார்த்ததில்லை.

வால்டர் பெஞ்சமின் 1935-இல் பாரிஸைப் பற்றி எழுதிய கட்டுரையில் சேகரிப்பாளனைப் பற்றி ஓர் அழகான எண்ணம் வருகிறது. பொருள்கள் பயன்பட்டே ஆகவேண்டும் என்ற பாடுபாட்டிலிருந்து அவன் அவற்றை விடுவிக்கிறான் என்பது அதன் சாரம். முதலில் படித்தபோது மயங்கிப்போனேன். இப்போதும் அதன் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதியில் எனக்கொரு கேள்வி இருக்கிறது. அடுப்பிலிருந்து இறக்கி அலமாரியில் ஏற்றியதும் வெண்கலப் பானைக்கு விடுதலை கிடைத்துவிடுகிறது. அதைத் தூக்கி இறக்கியவளுக்கு? அவள் தன் விடுதலையைத் தானே தேடிக்கொண்டாள், அந்தப் பானையைக் கைகழுவியதன் மூலம். பானையின் விடுதலையைக் கலை என்கிறோம், அவளுடையதை அறியாமை என்கிறோம். இரண்டும் ஒரே செயலின் இரண்டு பக்கம் என்பது நமக்கு உறைப்பதில்லை.

ஒரான் பாமுக்கின் ‘கள்ளமின்மையின் அருங்காட்சியகம்’ நாவல் 2008-இல் வந்தது. அதே பெயரில் 2012-இல் இஸ்தான்புல்லில் நிஜமாகவே ஒரு காட்சியகத்தையும் அவர் திறந்தார். காதலித்த பெண் தொட்ட உப்புக் குப்பி, சீப்பு, அவள் புகைத்துப் போட்ட 4,213 சிகரெட் துண்டுகள் என்று அந்தக் கதாநாயகன் எடுத்துப்போய்ச் சேர்க்கிறான். அவள் எதையும் அவனுக்குக் கொடுக்கவில்லை. உருக்கமான நாவல்தான். ஆனாலும் ஒரு பெண்ணின் பொருள்களை இவ்வளவு காதலிக்கும் ஒருவனுக்கு அவள் சொல்வதைக் கேட்க நேரமில்லாமல் போனதைப் படிக்கும்போது, நம்மூர்ப் பழம்பொருள் வரவேற்பறைகள் நினைவுக்கு வராமல் இருக்காது. பாட்டியின் அரிவாள்மனை சுவரில் இருக்கும். அதில் அவர் அறுத்துக்கொண்ட விரல் எது என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் தெரியாது.

எவர்சில்வருக்குப் போட்டுவிட்டார்கள் என்பதில் இன்னொன்றும் விட்டுப்போகிறது. அந்தப் பாத்திரங்கள் வைத்துக்கொள்வதற்காகக் கொடுக்கப்பட்டவையே இல்லை. பெண் கையில் ரொக்கம் தங்காது என்று தெரிந்த தாய்மார்கள் எடையாகக் கொடுத்தனுப்பினார்கள். மாமியார் கேட்டால் “என் பேர் வெட்டியிருக்கு” என்று சொல்லலாம். புருஷன் சூதாடினாலும் அண்டாவைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்க வெட்கப்படுவான். நெருக்கடி வந்தால் அடகுக் கடையில் பித்தளைக்கும் காசு கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் ஒரு பெரிய அண்டா ஜூன் மாதம் பள்ளிக் கட்டணத்துக்குப் போகும், தைக்கு முன்னால் திரும்பி வரும். அந்த வருடப் பொங்கலுக்குள் வரவில்லை என்றால் அம்மா யாரோடும் சரியாகப் பேசமாட்டார். நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் போனது வரவேயில்லை. அது இப்போது யார் வீட்டு மாடித் தோட்டத்தில் தாமரை வளர்த்துக்கொண்டிருக்கிறதோ. நான் தேடவில்லை. அது போகவேண்டிய இடத்துக்குத்தான் போனது. இந்தக் கட்டுரையும் அந்த அண்டாவை விற்ற காசில் விளைந்ததுதான்.

சட்டம் இதை மிகத் தாமதமாகப் புரிந்துகொண்டது. பிரதிபா ராணி வழக்கில் 1985-இல் உச்ச நீதிமன்றம், மனைவியின் சீதனப் பொருள்கள் அவளுடைய முழு உடைமை, அவை புகுந்த வீட்டில் இருப்பதால் மட்டுமே கூட்டுச் சொத்து ஆகிவிடாது, திருப்பிக் கொடுக்க மறுப்பது நம்பிக்கை மோசடிக் குற்றம் என்றது. அதே 1985-இல் வந்த விதிகள், கல்யாணத்தில் கொடுத்த பொருள்களைப் பட்டியல் எழுதி மணமக்கள் இருவரும் கையெழுத்திட்டு வைக்கவேண்டும் என்றன. நம் ஊரில் யார் அந்தப் பட்டியலை எழுதினார்கள்? உளிக்காரர் எழுதிக் கொடுத்ததுதான் பட்டியல். குடும்ப நீதிமன்றத்து வராண்டாவில், அண்டா ஒன்று, குடம் இரண்டு, தாம்பாளம் மூன்று என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் தகப்பன் நிற்பார். பெண் தலைநிமிராமல் சொல்வாள்: “எல்லாத்துலயும் பேர் இருக்குங்க.”

பெயர் வெட்டப் பித்தளையே இல்லாத வீடுகளைப் பற்றியும் சொல்லவேண்டும். சேகரிப்பின் உலகம் இங்கே வந்ததும் மௌனமாகிவிடுகிறது. 1931-இல் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் தலித் மக்கள்மீது ஒரு தடைப் பட்டியல் விதித்தார்கள். அந்த ஆண்டின் இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை ஏற்றிருந்த ஜே. எச். ஹட்டன் பிறகு சாதி பற்றி எழுதிய நூலில் அதைப் பதிந்திருக்கிறார். அந்தச் சாதிப் பெண்கள் மண்குடத்தில்தான் தண்ணீர் எடுக்கவேண்டும், செம்பும் பித்தளையும் கூடாது என்பது அதில் ஒன்று. தலையில் குடத்துக்கு அடியில் வைக்கும் சும்மாடு வைக்கோலால்தான் இருக்கவேண்டும், துணியால் கூடாது என்றும் உண்டு. யோசித்துப் பாருங்கள், ஒரு பெண்ணின் தலைக்கும் குடத்துக்கும் நடுவே என்ன இருக்கலாம் என்பதைக்கூட உட்கார்ந்து பேசி முடிவுசெய்திருக்கிறார்கள். இன்று நாம் ‘நம் முன்னோர் பயன்படுத்திய பித்தளைக் குடம்’ என்று சொல்லும்போது அந்த ‘நம்’முக்குள் யார் இருக்கிறார்கள்?

பித்தளை டவரா, தம்ளர் செட்டுகளுக்கு இன்று நல்ல கிராக்கி. அதே தேநீர்க் கடைகளின் கூரையில் செருகியிருந்த சிரட்டையையும், தனியே ஆணியில் தொங்கிய அலுமினிய தம்ளரையும் யாரும் கண்ணாடிப் பேழையில் வைத்து நான் பார்த்ததில்லை. அலுமினியத்துக்கு மறுவிற்பனை மதிப்பு இல்லை, அழகும் இல்லை, நசுங்கிவிடும். நம் பெண்களில் மிகப் பலருடைய வாழ்க்கை அந்த உலோகத்தில்தான் வெந்தது. பேர் வெட்டினால் ஓட்டை விழுந்துவிடுமோ என்று பயப்படுகிற அளவுக்கு மெல்லிசாக இருக்கும். வயல் வேலைக்குக் கஞ்சி கொண்டுபோன அலுமினியத் தூக்கு ஒன்றை, அதன் நசுங்கல்களோடு, பாரம்பரியம் என்ற சொல்லின் கீழ் வைக்க நமக்கு மனம் வருமானால் அந்தச் சொல்லை நானும் கொஞ்சம் நம்பத் தொடங்குவேன்.

விடுதிகளைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. வாசலில் உருளி, உருளியில் தண்ணீர், தண்ணீரில் செவ்வந்தி இதழ். உரலில் செடி. அம்மிமேல் செருப்பைக் கழற்றி வைக்காதீர்கள் என்ற அறிவிப்பு ஒன்றையும் பார்த்தேன், மரியாதையாம். 2011-இல் தமிழ்நாடு அரசு மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் விலையில்லாமல் கொடுத்தபோது ‘இலவசத்தால் சோம்பேறியாகிறார்கள்’ என்று எழுதியவர்களின் வீடுகளில் அதற்கு முப்பது வருடத்துக்கு முன்பே அம்மி கொல்லைப்புறம் போயிருந்தது. பணக்கார வீட்டிலிருந்து அம்மி வெளியேறியபோது அது வசதி. ஏழை வீட்டிலிருந்து வெளியேறியபோது அது சோம்பல். இரண்டு அம்மியும் கடைசியில் ஒரே விடுதியின் புல்தரையில் சந்தித்துக்கொள்கின்றன.

அப்படியானால் சேகரிக்கவே கூடாதா என்று என் தோழி ஒருத்தி கோபமாகக் கேட்டாள். கீழடியைத்தான் நான் பதிலாகச் சொன்னேன். 2023-இல் திறந்த அந்த அருங்காட்சியகத்தில் பானை ஓடுகளுக்கு முன்னால் மக்கள் மெய்சிலிர்த்து நிற்கிறார்கள். ஆதன், குவிரன் என்று பெயர் கீறிய உடைந்த ஓடுகள். கொடுமணலிலும் அழகன்குளத்திலும்கூட இப்படிப் பெயர் கீறிய ஓடுகள் கிடைத்தன. யாரோ ஒருவர் தன் பானை தன்னுடையது என்று தெரிவதற்காகக் கீறியதை வைத்து, ஒரு மக்கள்கூட்டமே எழுத்தறிவோடு இருந்தது என்று நாம் வரலாறு எழுதுகிறோம். சரியான வரலாறுதான். அதே மண்ணில், அதே காரணத்துக்காக, அறுபது வருடத்துக்கு முன்னால் ஒரு பெண் வெட்டிக்கொண்ட பெயரைக் கிலோ கணக்கில் போடுகிறோம், அல்லது அழகுக்காகத் தேய்த்து எடுக்கிறோம். ஓட்டில் இருந்தால் கல்வெட்டியல், அண்டாவில் இருந்தால் கீறல். சேகரிப்பவர்கள் விரும்பினால் இந்த இடத்தில் எவரும் செய்யாத ஒரு வேலையைச் செய்யலாம். வாங்கும்போது எந்த ஊர், எந்த வீடு, யார் பெயர், யார் விற்றது, எதற்காக விற்றது என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதலாம். விற்றவளே உயிரோடு இருந்தால் அவளிடமே கேட்கலாம். அவள் தன் பாத்திரத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசாமல் திட்டினால் அதையும் அப்படியே எழுதலாம்.

இந்த எண்ணத்தில்தான் போன வருடம் முதலாண்டு மாணவிகளுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். வீட்டிலுள்ள பாத்திரங்களில் வெட்டியிருக்கும் பெயர்களை எழுதி வாருங்கள், அந்தப் பெயர் யாருடையது என்று கேட்டு வாருங்கள் என்றேன். பாடத்திட்டத்தில் இல்லாத வேலை என்று முணுமுணுத்தார்கள். ஆனாலும் செய்தார்கள்.

ஒருத்தி தன் வீட்டில் எதிலும் பெயர் இல்லை, எல்லாம் கவிழ்த்த அலுமினியம்தான் என்று எழுதியிருந்தாள். கீழே, ஒரே ஒரு எவர்சில்வர் தட்டில் மட்டும் தன் பெயர் இருப்பதாகவும், எட்டாம் வகுப்பில் பேச்சுப் போட்டியில் வாங்கிய பரிசு அது என்றும், அம்மா அதில் யாரையும் சாப்பிட விடுவதில்லை என்றும் சேர்த்திருந்தாள். இன்னொருத்தி ஒரு குத்துப்போணியில் தனக்குத் தெரியாத ஒரு பெயரைக் கண்டுபிடித்தாள். அப்பாவிடம் கேட்டால் எழுந்து போய்விட்டார். சித்தி ரகசியமாகச் சொன்னாராம்: அது அப்பாவின் அக்கா, வேறு சாதிப் பையனோடு போனவர், போகும்போது சீருக்காக வாங்கி வைத்திருந்த எதையும் எடுத்துப்போகவில்லை. புகைப்படங்களை எல்லாம் கிழித்துவிட்டார்கள். போணியில் இருந்த பெயரை மட்டும் யாரும் கிழிக்க முடியவில்லை. அதில்தான் முப்பது வருடமாக அரிசி அளந்துகொண்டிருக்கிறார்கள். அந்தப் பெண் வகுப்பில் அந்தப் பெயரைச் சத்தமாகப் படித்தாள். நாங்கள் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

மூன்றாவது பெண் கிராமத்துக்குப் போய்த் தன் பாட்டியின் பரணில் ஏறி இறங்கி, பதினோரு உருப்படி, எல்லாவற்றிலும் பாட்டியின் பெயர் என்று அழகான அட்டவணை போட்டு வந்திருந்தாள். ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படம் பிடித்திருக்கிறாள். பாட்டி கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாராம். இதெல்லாம் எங்கள் ஆசிரியை எழுதிவரச் சொன்னார்கள், ரொம்ப மதிப்பானவை பாட்டி என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

“அப்படியா ஆத்தா,” என்று பாட்டி கேட்டாராம், “கிலோ இப்ப என்ன வெல போகுதாம்?”